பி.டி. சார் எங்கிருந்து வந்தார்?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.

இந்த எபிசோடை படப்பையில என் ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுநடுவே லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டு ஓரத்துல குடியிருந்துக்கிட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரகடத்துக்குப் பின்பக்கம் இருக்கிற ஏதாவது ஒரு லேஅவுட்டுக்குள்ள போய்ப் பாருங்க. பிளாட் போட்டு, கல் நட்டு, தார் ரோடு போட்டு, வீடு மட்டும் இன்னும் வராத இடங்கள். அங்க கிரிக்கெட் நடக்கும், வாலிபால் நடக்கும். என் நண்பன் ஒருத்தன் அந்தத் தார் ரோட்டுல ஓடுவான். பிளாட்டோட முகப்பு 30 அடி. பதினொரு பிளாட் தாண்டினா 330 அடி. அது 100 மீட்டரைவிட அரை மீட்டர் சொச்சம்தான் அதிகம். அந்தப் பதினோராவது கல்தான் அவனோட ஃபினிஷ் லைன். நான் போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு நிப்பேன்.

அவன் இப்போ ஒரு தொழிற்சாலையில குவாலிட்டி செக் பார்க்கிறான். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். நாங்க ரெண்டு பேரும் ஒரே இன்ஜினியரிங் காலேஜ். ஃபைனல் இயர்ல காலேஜ்களுக்கு இடையிலான தடகளப் போட்டியில ஓடி, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானான். அடுத்தது அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அதுக்கு ஒரு படிவம் போகணும். பிறந்த தேதி, காலேஜ்ல சேர்ந்த தேதி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல், முதல்வர் கையெழுத்து. படிவம் கேட்டு வந்த கடிதம் ஆபீஸ்ல ஒரு மேஜை மேல இருந்தது. எங்க பி.டி. சார் அந்த வாரம் கேட்ல நின்னு ஐ.டி. கார்டு செக் பண்ணிக்கிட்டிருந்தார், அதுக்கு மேல பஸ் டூட்டி. கடிதத்தை அவர் பார்த்தப்போ கடைசித் தேதி போய் நாலு நாள் ஆகியிருந்தது.

அவ்வளவுதான். அவனை யாரும் ஓட்டத்துல தோற்கடிக்கல.

ரொம்ப நாள் எனக்கு அந்த சார் மேல கோபம் இருந்தது. அப்புறம் வேற ஒரு கேள்வி வந்தது: இந்த பி.டி. சார்ங்கிற வேலையை யார் கண்டுபிடிச்சாங்க? ஸ்கூல்ல ஃபிசிக்கல் ட்ரெய்னிங் வாத்தியார், காலேஜ்ல ஃபிசிக்கல் டைரக்டர், தமிழ்ல எழுதினா ரெண்டு பேருமே பி.டி. சார்தான். இவர் எங்கிருந்து வந்தார்? எதுக்காக வந்தார்? கேட் காவலுக்காக நிச்சயமா இல்ல.

அதைத் தேடிப் போனா, கதை நமக்குத் தெரிஞ்ச ஒரு மைதானத்துல போய் நிக்குது.

புத்தகக் கண்காட்சி மைதானம்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் உங்களுக்குத் தெரியும். ஜனவரியில புத்தகக் கண்காட்சிக்குப் போய், தூசியில நடந்து, டெல்லி அப்பளம் சாப்பிட்டு வந்திருப்பீங்க. கச்சேரிக்கும் போயிருப்பீங்க. அந்த மைதானம் ஒரு கல்லூரியோட மைதானம். ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆரம்பிச்ச வருஷம் 1920. இந்தியாவிலேயே உடற்கல்விக்குன்னு வந்த முதல் கல்லூரி அது.

ஆரம்பிச்சவர் ஹாரி குரோ பக். அமெரிக்கர், பென்சில்வேனியாக்காரர், பிறந்தது 1884ல. மாசசூசெட்ஸ் மாகாணம் ஸ்பிரிங்ஃபீல்டுல ஒய்.எம்.சி.ஏ. நடத்தின பயிற்சிக் கல்லூரியில படிச்சவர். அந்த இடத்துக்குத் தனிப் பெருமை உண்டு. 1891 டிசம்பர்ல ஜேம்ஸ் நைஸ்மித் பாஸ்கெட்பாலை உருவாக்கினது அங்கதான். வாலிபாலை உருவாக்கின வில்லியம் மோர்கனும் அங்க படிச்சவர்தான். ஆட்டத்தை வடிவமைக்கிறது, விதி எழுதுறது, அதைச் சொல்லிக் கொடுக்க ஆளை உருவாக்குறது, இதையெல்லாம் ஒரு படிப்பாவே அங்க நடத்தினாங்க.

பக் 1919ல மெட்ராஸ் வந்தார். அப்போ இங்க விளையாட்டு எப்படி இருந்தது? வெள்ளைக்காரங்களுக்கு கிளப் இருந்தது. பெரிய காலேஜ்கள்ல கிரிக்கெட்டும் ஹாக்கியும் இருந்தது. பள்ளிக்கூடங்கள்ல ‘டிரில்’ இருந்தது. டிரில்லுக்குப் பெரும்பாலும் பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்று வந்தவர்தான் மாஸ்டர். வரிசையா நில், கையைத் தூக்கு, இறக்கு. பையன்களுக்கு அது தண்டனை மாதிரி.

இந்த இடத்துல ஒரு நிர்வாகியா யோசிச்சுப் பாருங்க. கையில காசு கொஞ்சம், நாடு பெருசு. நீங்க என்ன பண்ணுவீங்க? திறமையான பத்துப் பேரைப் பொறுக்கி ஒரு சாம்பியன் டீம் கட்டலாம். பேப்பர்ல பேர் வரும், நன்கொடை வரும். பக் அதைச் செய்யல. வாத்தியார்களை உருவாக்கினார். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோட சின்னதா ஆரம்பிச்சு, பிறகு சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில இப்போ இருக்கிற பெரிய வளாகத்துக்குக் கல்லூரி வந்து சேர்ந்தது. அங்க வந்தவங்களுக்கு ஓடவும் குதிக்கவும் கத்துக்கொடுத்ததோட நிறுத்தல. உடற்கூறு பாடம், முதலுதவி, மைதானத்துல கோடு போடுறது, போட்டிக்கு அட்டவணை போடுறது, நடுவரா நிக்கிறது, ஐம்பது பையன்களை ஒரே பந்தை வச்சு ஒரு மணி நேரம் ஆட வைக்கிறது. இதெல்லாம் ஒரு தொழிலா கத்துக்கொடுக்கப்பட்டது.

பல மாகாணங்கள்ல இருந்து ஆட்கள் வந்தாங்க, இலங்கையில இருந்தும் வந்தாங்க. யாழ்ப்பாணத்துப் பழைய ஆசிரியர்களோட வாழ்க்கைக் குறிப்புகள்ல ‘சைதாப்பேட்டையில் உடற்பயிற்சிக் கல்வி பெற்றவர்’னு அடிக்கடி பார்க்கலாம். படிச்சு முடிச்சவங்க ஊருக்குத் திரும்பிப் போய், ஒரு வலையும் ரெண்டு கம்பமும் நட்டாங்க. தமிழ்நாட்டு ஊர்கள்ல வாலிபால் இவ்வளவு ஆழமா இறங்கினதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பந்தும் வலையும் போதும்கிற செலவுக் கணக்கு இன்னொரு காரணம்.

அதோட விளையாட்டு விதிகளைத் தொகுத்து புத்தகமா போட்டார் பக். இது சின்ன விஷயமா தெரியலாம். நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன், டாக்குமென்டேஷன் இல்லாத புராஜெக்ட் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எழுதி வச்சவர் வேலையை விட்டுப் போனதும் அதுவும் முடிஞ்சது. மதுரையில ஒரு விதி, மாயவரத்துல ஒரு விதின்னு ஆடினா, ரெண்டு ஊரும் மோத முடியாது. மோத முடியலைன்னா மாகாணப் போட்டி இல்ல, பல்கலைக்கழகப் போட்டி இல்ல. அச்சடிச்ச விதிப் புத்தகம் வந்த பிறகுதான் முன்பின் தெரியாத ரெண்டு டீம் சண்டையில்லாம ஒரு மேட்ச் ஆட முடியும்.

பாரிஸ் போன மேனேஜர்

அதே சமயத்துல இன்னொரு பக்கம் வேற ஒரு வேலை நடந்துக்கிட்டிருந்தது. புனேயில டெக்கான் ஜிம்கானா போட்டிகள்ல வெறுங்காலோட ஓடின கிராமத்து ஆட்களைப் பார்த்து அசந்து போனவர் தொராப்ஜி டாடா. ஜாம்ஷெட்ஜியோட மூத்த மகன். அவரோட முயற்சியிலயும் பண உதவியிலயும்தான் 1920ல ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஒரு சின்ன இந்திய அணி போச்சு. போனது ஆறு பேர், நாலு ஓட்டக்காரர்கள், ரெண்டு மல்யுத்த வீரர்கள்.

ஆனா ஒரு பணக்காரர் பார்த்துப் பிடிச்சவங்களை அனுப்புறது அணித் தேர்வு ஆகாது. அடுத்த முறை தேர்வு நாடு முழுக்க நடக்கணும். அதுக்கு ஒவ்வொரு மாகாணத்துலயும் ஒரு சங்கம் வேணும், போட்டி நடத்தத் தெரிஞ்ச ஆள் வேணும். அந்த ஆட்கள் ஒய்.எம்.சி.ஏ.கிட்ட இருந்தாங்க. டாக்டர் ஏ.ஜி. நோரன், ஒய்.எம்.சி.ஏ.யோட அகில இந்திய உடற்பயிற்சி இயக்குநர். அவரும் பக்கும் மாகாணம் மாகாணமா போய் ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்க உதவினாங்க. 1924 பிப்ரவரியில டெல்லியில அகில இந்தியத் தேர்வுப் போட்டி நடந்தது. அதுல தேர்வான அணி பாரிஸுக்குப் போச்சு. மேனேஜர் ஹாரி பக்.

அந்த அணியில சி.கே. லட்சுமணன்னு ஒருத்தர், 110 மீட்டர் தடை ஓட்டம். கண்ணூர்க்காரர், மருத்துவர். பிற்காலத்துல இந்திய அரசோட சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் ஆனார். பாரிஸ்ல இந்தியாவுக்கு ஒரு மெடலும் கிடைக்கல. ஆனா 1924ல பயன்பட்ட மாகாணச் சங்கங்கள் கலையாம நின்னுச்சு. 1927ல இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானப்போ தலைவர் டாடா, செயலாளர் நோரன். அணி தோத்துத் திரும்பிச்சு, அலுவலகம் தங்கிடுச்சு. அடுத்த ஒலிம்பிக் 1928, ஆம்ஸ்டர்டாம். அதுல ஹாக்கித் தங்கம்.

பக் 1943ல இறந்துபோனார். அப்போ அவர் இந்தியாவுக்கு வந்து 24 வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பிறகும் கல்லூரி நிக்கல. காரைக்குடியில அழகப்பா, கோவை பெரியநாயக்கன்பாளையத்துல ராமகிருஷ்ண மிஷனோட மாருதின்னு உடற்கல்விக் கல்லூரிகள் தமிழ்நாட்டுல பெருகிச்சு. மத்திய அரசு இதே வேலைக்காக குவாலியர்ல லட்சுமிபாய் கல்லூரியை ஆரம்பிச்சது 1957ல. நம்ம நந்தனத்துக்கு 37 வருஷம் கழிச்சு.

இதே அமெரிக்காவுல அந்தக் காலத்துப் பல்கலைக்கழக விளையாட்டு எப்படி இருந்ததுன்னு ஒரு நிமிஷம் பார்ப்போம். 1905ல காலேஜ், ஸ்கூல் ஃபுட்பால் ஆட்டங்கள்ல சுமார் 18 பேர் செத்துப் போனாங்க. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே காலேஜ் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். அதுக்குப் பிறகு 1906ல உருவான சங்கம்தான் இன்னிக்கு அங்க கல்லூரி விளையாட்டை ஆளுற என்.சி.ஏ.ஏ. ஆட்கள் செத்த பிறகு வந்த நிர்வாகம் அது. இன்னிக்கு அதுல கோடிக்கணக்கான டாலர் புரளுது. பக் அந்த நாட்டுல இருந்து வந்தவர்தான். ஆனா இங்க அவர் கட்டினது ஸ்டேடியம் நிரப்புற மாதிரி இல்ல. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஆட்டம். அதான் கணக்கு.

படிவம் போற பாதை

சரி, பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். 1925ல இந்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு வாரியம் அமைச்சுக்கிட்டாங்க. 1973ல இருந்து அதுக்குப் பேர் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, சுருக்கமா ஏ.ஐ.யு. 1935ல பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிரிக்கெட்டுக்கு ரோஹின்டன் பாரியா கோப்பை வந்தது. 1956–57ல இருந்து, வருஷம் முழுக்க எல்லா விளையாட்டுலயும் சேர்த்து அதிகப் புள்ளி எடுக்கிற பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை.

இதோட இயக்கம் எப்படின்னா: வாலிபால், கபடி மாதிரி குழு ஆட்டம்னா முதல்ல மண்டலப் போட்டி. நாம தென் மண்டலம். அதுல ஜெயிச்சு மேல வந்தவங்க அகில இந்தியப் போட்டிக்குப் போவாங்க. தடகளம்னா நேரா அகில இந்தியா. வயசு 25ஐ தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஆளுக்கும் தகுதிப் படிவம். காலேஜ்ல முதல்வர் கையெழுத்து, அப்புறம் பல்கலைக்கழகம். அணித் தேர்வு, பயிற்சி முகாம், ரயில் டிக்கெட், தங்குற இடம், படிகாசு, ஜெர்சி. இதுக்கு நடுவுல செமஸ்டர் பரீட்சை வந்தா அவனுக்கு மாற்று ஏற்பாடு. இத்தனை சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தாலும் பையன் ஓட முடியாது. ஒவ்வொரு கண்ணியிலயும் நிக்கிறவர் ஒரு பி.டி. சார்.

ஆசாத் கோப்பையை அதிக முறை வாங்கினது அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம். 1969ல ஆரம்பிச்சது, 20 முறைக்கு மேல கோப்பையை எடுத்திருக்கு. ‘பஞ்சாப்காரன் உடம்பு அப்படி’ன்னு ஈஸியா சொல்லிடுவோம். ஆனா ஒரு போட்டியில ஜெயிக்கிற ஆளை வச்சு அந்தக் கோப்பையை எடுக்க முடியாது. நாம கவனிக்காத விளையாட்டுகள்ல கூட அணி அனுப்பியிருக்கணும், எல்லாப் படிவமும் நேரத்துக்குப் போயிருக்கணும், அதுவும் வருஷா வருஷம். ஒரு அலுவலகம் தூங்காம வேலை பார்த்திருக்குன்னுதான் அந்த எண்ணிக்கை சொல்லுது.

நிர்வாகம் கெட்டா எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சுக்கணுமா? 2012 டிசம்பர்ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் பண்ணிச்சு. காரணம் நிர்வாகிகளோட தேர்தல் தகராறு. 2014 பிப்ரவரி 7, ரஷ்யாவோட சோச்சியில குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. பனிச்சறுக்கு லூஜ் வீரர் சிவ கேசவன் மூவர்ணக் கொடி இல்லாம, ஒலிம்பிக் கொடிக்குக் கீழே நடந்தார். நாலே நாள்ல, பிப்ரவரி 11 அன்னிக்கு, தடை நீங்கிச்சு. கொடி வந்தது. ஆனா தொடக்க விழா முடிஞ்சு போச்சே. டாடாவும் நோரனும் உட்கார்ந்த அதே அலுவலகம்தான் இது.

கடைசித் தேதி போய் நாலு நாள். எங்க காலேஜ்லயும் அதே கணக்குதான்.

நம்ம ரோட்டுல

இனி நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஒரகடத்துல இருந்து பஸ்ஸைப் பிடிச்சு, வண்டலூர்ல இறங்கி, கேளம்பாக்கம் ரோட்டுல போனா மேலக்கோட்டையூர். அங்க இருக்கு தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். 2005ல இருந்து இயங்குது. பக் ஆரம்பிச்ச நந்தனம் கல்லூரி இப்போ இணைப்புப் பெற்றிருக்கிறது இந்தப் பல்கலைக்கழகத்தோடதான். இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கு. மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்குக் கீழே வர்ற இடம். விளையாட்டு நிர்வாகம் நம்ம கண்ணுக்கு எட்டாத தூரத்துல இல்லைன்னு சொல்றதுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

ஒண்ணும் நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல விளையாட்டு வீரர்களுக்குன்னு 500 சீட் இருக்கு. 2024 ஜனவரியில கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு சென்னை, மதுரை, திருச்சி, கோவையில நடந்தப்போ, தமிழ்நாடு பதக்கப் பட்டியல்ல ரெண்டாவது இடம்.

ஆனா என் காலேஜ் மாதிரி இடங்களையும் பார்க்கணும். விளையாட்டுக் கோட்டாவுல வந்த பையன் முதல் வருஷம் முடியறதுக்குள்ள மைதானத்தை மறக்கிற மாதிரி டைம்டேபிள். பள்ளியில பி.டி. பீரியடை மேத்ஸ் சார் கடன் வாங்கினார், அந்தக் கடன் திரும்பி வந்ததே இல்ல. காலேஜ்ல பி.டி. சாரையே ஆபீஸ் கடன் வாங்கிக்குது. முடி வெட்டலைன்னா அவர்தான் பிடிக்கணும், சட்டையை இன் பண்ணலைன்னா அவர்தான் கத்தணும். பட்டாளத்து டிரில் மாஸ்டரை மாத்துறதுக்காக ஒரு கல்லூரியே கட்டினாங்க. நூறு வருஷம் கழிச்சு நாம அந்தக் கல்லூரியில படிச்சு வந்தவரைக் கூப்பிட்டு மறுபடியும் டிரில் மாஸ்டர் ஆக்கி வச்சிருக்கோம்.

இந்த எபிசோடுக்காக எங்க பி.டி. சாரைப் போன்ல பிடிச்சேன். இப்போ அவர் அங்க இல்ல. எங்க படிச்சீங்க சார்னு கேட்டேன். “நந்தனம்டா”ன்னார். அந்தப் படிவத்தைப் பத்தி நான் கேட்கல, அவராவே ஆரம்பிச்சார். நண்பன் பேரைச் சொல்லி, “அவன் ஸ்டார்ட்ல கொஞ்சம் சீக்கிரம் நிமிர்ந்துடுவான், அதை மட்டும் சரி பண்ணியிருக்கலாம்”னார். இத்தனை வருஷம் கழிச்சும் அவன் எந்த அடியில நிமிருவான்னு அவருக்கு ஞாபகம் இருந்தது. அவரை அந்த வேலைக்குத்தான் படிக்க வச்சாங்க.

என் நண்பனுக்கு இப்போ 28 வயசு. பல்கலைக்கழக வாசல் மூடிடுச்சு. ஆனா முதலமைச்சர் கோப்பை போட்டிகள்ல பொதுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, 15 வயசுல இருந்து 35 வரைக்கும். தடகளத்துக்குப் பேர் கொடுக்கலாம்னு சொன்னேன். “ஷிஃப்ட் எப்படி விழுதோ பார்ப்போம்”னான். பதிவு தொடங்கினதும் ஃபார்ம் நிரப்புற வேலை என்னோடது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை இப்பவே ஸ்கேன் பண்ணி வாங்கி வச்சுட்டேன்.

போன ஞாயிறு அவன் பதினோராவது கல்லைத் தாண்டினப்போ டைம் சொன்னேன். “ஸ்டார்ட்ல நிமிர்ந்துட்டேனா?”ன்னு கேட்டான். சார் சொன்னதைச் சொல்லியிருந்தேன். “ஆமா, நாலாவது அடியிலேயே”ன்னேன். திரும்பி நடந்து போய் முதல் கல்லுகிட்ட நின்னான்.

உங்க பி.டி. சார் யாரு? அவருக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.